சீரியல் கோர்ட்டும் நம் நாட்டுச் சட்டமும்: தாலி, விவாகரத்து, சொத்து பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

தமிழ்ச் சீரியல்களில் ஒரு கல்யாணம் நேராக நடந்து முடிவது அபூர்வம். மணமேடையில் மாப்பிள்ளை மாறிவிடுவார். கோவிலில் மிரட்டித் தாலி கட்டுவார்கள். இறந்துவிட்டதாக நினைத்துத் திதி கொடுத்த கணவர், மனைவியின் மறுமணத்தன்று வாசலில் வந்து நிற்பார். அடுத்த வாரமே போலீஸ், வக்கீல், கோர்ட் என்று கதை நகரும்.

இந்தக் கதைகள் நடப்பது சென்னையிலும் மதுரையிலும். பார்ப்பவர்கள் சுங்கை சிப்புட்டிலும் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கிறார்கள். சீரியல் வக்கீல் பேசுவது இந்தியச் சட்டம். மலேசியாவில் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை எல்லாவற்றுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. சீரியலில் பார்த்ததை நம்பிக் குடும்பச் சிக்கலில் முடிவெடுப்பவர்கள், பிறகு அலுவலகக் கவுண்டரில் நிற்கும்போதுதான் வித்தியாசத்தை உணர்கிறார்கள். சீரியல்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களையும், அவற்றுக்கு இந்த நாட்டுச் சட்டம் சொல்லும் பதிலையும் இங்கே பார்க்கலாம்.

கால் நூற்றாண்டாக ஒரே முடிச்சுகள்

1999-இல் தொடங்கிய ‘சித்தி’ மாற்றாந்தாயின் கதை. 2002-இல் வந்த ‘மெட்டி ஒலி’ ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த ஒரு தந்தையின் பாடு. 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ தொடரில் அபியின் பெரும் எதிரி, அவள் தந்தைக்கு இன்னொரு மனைவியிடம் பிறந்த மகன் ஆதித்யா. 2013-இல் தொடங்கிய ‘வாணி ராணி’யில் ராதிகா நடித்த இரட்டையரில் ஒருவரான வாணி வழக்கறிஞர்.

2020-இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’யில் கோபி மனைவியை விவாகரத்து செய்துவிட்டு ராதிகாவை மணக்கிறார். 2022-இல் வந்த ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஒரு மூதாட்டியின் பெயரிலுள்ள 40 விழுக்காட்டுச் சொத்து வீட்டையே ஆட்டிவைத்தது. இரண்டாம் குடும்பம், விவாகரத்து, சொத்து, வாரிசு ஆகிய நான்கும்தான் கதைக்குக் கதை வேறு பெயரில் வருகின்றன.

எந்தச் சட்டம் யாருக்கு?

சீரியல் குடும்பங்களுக்கு உரியது இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் உள்ளது. இது 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இந்து, கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர் எல்லோருக்கும் இந்த ஒரே சட்டம்தான். தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் திருமண விவகாரங்கள் ஷரியா சட்டத்தின் கீழ் வரும்.

1982 மார்ச் 1 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்கள், பதியப்படாதவையானாலும், பதிந்ததாகவே கருதப்படும். ஓர் ஆண் இரண்டு மனைவியரை வழக்கப்படி மணந்திருந்தால் அதையும் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகு ஒருவருக்கு ஒரு துணைதான்.

தாலி கட்டினால் திருமணம் முடிந்ததா?

சீரியலில் தாலி ஏறிய அந்த நிமிடமே அவள் மனைவி. இந்தியச் சட்டத்தின்படி அதில் நியாயம் உண்டு. அங்கே இந்து திருமணத்துக்குச் சடங்குதான் அடிப்படை. தமிழ்நாட்டில் 1967-இல் வந்த திருத்தத்தால், புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும்.

மலேசியாவில் பதிவு அதிகாரியின் முன் திருமணம் நடக்க வேண்டும். தேசியப் பதிவு இலாகாவில் மனு கொடுத்து, 21 நாள் அறிவிப்புக்காலம் முடிந்தபின் பதிவு நடக்கும். சில கோவில்களில் துணைப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அங்கே சடங்கும் பதிவும் ஒரே நாளில் முடிந்துவிடும். எல்லாக் கோவில்களிலும் அப்படி இல்லை. கோவிலில் கட்டிய இரசீதும் கல்யாண ஆல்பமும் திருமணச் சான்றிதழ் ஆகிவிடாது.

தாலி மட்டும் கட்டிப் பல வருடம் வாழ்ந்த பெண், கணவர் இறந்தபின் தன் திருமணம் செல்லும் என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய நிலை வந்திருக்கிறது. தீர்ப்புகள் எப்போதும் ஒரே மாதிரி அமைவதில்லை. சொக்சோ ஓய்வூதியம், வங்கிப் பணம், வீட்டுப் பெயர் மாற்றம் எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது சான்றிதழ்தான். துக்க வீட்டில் இருக்கும் ஒரு பெண் அந்த நேரத்தில் வழக்குக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதியாமல் விட்டவர்கள் இப்போதும் பதிந்துகொள்ளலாம். பேரப்பிள்ளை எடுத்த வயதில் என்ன பதிவு என்று கூச்சப்படத் தேவையில்லை. இருவரும் உயிரோடு இருக்கும்போதுதான் அது முடியும்.

மிரட்டிக் கட்டிய தாலி

வில்லன் வலுக்கட்டாயமாகத் தாலி கட்டிவிட்டால், ‘விதி இதுதான்’ என்று அந்தப் பெண் அவனோடு வாழப் போவது சீரியலில் பல காலமாக உள்ள வழக்கம். இந்த நாட்டில் அந்தக் காட்சிக்கு இடமில்லை. இருவரும் மனம் ஒப்பிச் சம்மதிக்கிறார்கள் என்று உறுதியானால்தான் பதிவு அதிகாரி திருமணத்தை நடத்திவைக்கலாம். பலாத்காரமாகவோ மிரட்டியோ ஒருவரைத் திருமணத்துக்கு உட்படுத்துவது குற்றம். அப்படிப் பதிவாகியிருந்தாலும், சம்மதம் இல்லாத திருமணத்தை ரத்துச் செய்யுமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

கதாநாயகன் பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து, இரவும் பகலும் போன் செய்து காதலிக்க வைப்பதும் அடிக்கடி வரும் காட்சி. மலேசியாவில் 2023 மே 31 முதல் அப்படித் தொல்லையாகப் பின்தொடர்வது தனிக் குற்றம். குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

இரண்டாம் மனைவி

கணவனுக்கு வெளியூரில் இன்னொரு குடும்பம் இருப்பது தெரியவரும் காட்சி இல்லாத நெடுந்தொடர் குறைவு. கடைசியில் இரண்டு பெண்களும் அக்கா தங்கையாக ஒரே வீட்டில் வாழ்வதாகக் கதை முடிவதும் உண்டு.

மலேசியாவில் முதல் திருமணம் நிலுவையில் இருக்கும்போது செய்யும் இரண்டாம் திருமணம் சட்டப்படி செல்லாது. குற்றவியல் சட்டத்தின் 494-ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியிருந்தால் தண்டனை 10 ஆண்டுகள் வரை போகும். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் இரண்டாவதாக வந்த பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கிடையாது. அவள் ஏமாற்றப்பட்டவளாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

பிள்ளைகளின் நிலை சற்று வேறு. திருமணம் செல்லும் என்று பெற்றோரில் ஒருவராவது நியாயமாக நம்பியிருந்தால், அந்தப் பிள்ளைகளைச் சட்டபூர்வப் பிள்ளைகளாகக் கருத இடம் உண்டு. ஆகவே ஏமாற்றப்பட்ட பெண், கணவர் முதல் திருமணத்தை மறைத்ததற்கான ஆதாரங்களைப் பத்திரமாக வைத்திருப்பது அவள் பிள்ளைகளுக்கு உதவும்.

கள்ளத்தொடர்பைச் சொல்லிப் போலீசைக் கூட்டிவருவதும் சீரியல் காட்சிதான். இந்தியாவில் கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய 497-ஆம் பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அது விவாகரத்துக்கான காரணம். அந்த மூன்றாம் நபரையும் வழக்கில் சேர்த்து இழப்பீடு கேட்கலாம். மனைவியை இன்னொருவன் ஆசைகாட்டி அழைத்துப்போனான் என்று கணவன் மட்டும் வழக்குத் தொடுக்க வழிசெய்த 498-ஆம் பிரிவு ஒன்று இருந்தது. அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் 2023 டிசம்பரில் அதைச் செல்லாததாக்கியது.

தாலியைக் கழற்றி வீசினால் விவாகரத்தா?

கோபத்தில் தாலியைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்துவிட்டு நாயகி படியிறங்கும்போது பார்ப்பவர்களுக்கும் கண் கலங்கும். சட்டத்துக்கு அது விவாகரத்து ஆகாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட தாளும் ஆகாது. பத்து வருடம் பிரிந்து வாழ்ந்தாலும், நீதிமன்ற உத்தரவு வரும்வரை இருவரும் கணவன் மனைவிதான். அந்த உத்தரவு இல்லாமல் இன்னொரு திருமணம் செய்தால், மேலே சொன்ன குற்றத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

விவாகரத்து மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். இருவரும் சேர்ந்து கேட்பது ஒரு வழி. ஒருவர் மட்டும் கேட்பது இன்னொரு வழி. எந்த வழியானாலும், பொதுவாகத் திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மிகக் கொடுமையான சூழ்நிலையில் முன்னதாகவே மனுச் செய்ய அனுமதி கேட்கலாம்.

ஒருவர் மட்டும் கேட்டால், இல்லறம் சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டதைக் காட்ட வேண்டும். கள்ளத்தொடர்பு, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, 2 ஆண்டுகள் கைவிட்டுப்போனது, 2 ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தது ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். நீதிமன்றத்துக்கு முன், பெரும்பாலும் தேசியப் பதிவு இலாகாவின் திருமணச் சமரசக் குழுவில் இருவரும் பேசிப் பார்க்க வேண்டும். உத்தரவு கிடைத்தபின்னும் வழக்கமாக 3 மாதம் கழித்துத்தான் அது முழுமையாகும். இந்தியாவில் இருவரும் சேர்ந்து கேட்டால்கூட முதல் மனுவுக்கும் இறுதி உத்தரவுக்கும் இடையில் 6 மாத இடைவெளியைச் சட்டம் வைத்திருக்கிறது. சீரியலில் இது ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடும்.

‘இன்சூரன்ஸ் பாரம்’ என்று சொல்லி மனைவியிடம் விவாகரத்து மனுவில் கையெழுத்து வாங்கும் சூழ்ச்சியும் கதைகளில் வருவதுண்டு. கூட்டு மனுவானால், இருவரும் சுயமாகச் சம்மதித்தார்களா, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளதா என்று நீதிபதி பார்க்க வேண்டும். ஏமாந்து கையெழுத்துப் போட்டுவிட்டவர் அதோடு எல்லாம் போயிற்று என்று ஒதுங்கிவிடக் கூடாது. உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகாத மனைவி வெறுங்கையோடு வெளியேறுவது சீரியலின் கண்ணீர்க் காட்சி. இங்கே திருமண காலத்தில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் பங்களிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் பங்கு கேட்கலாம். 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். வேறு தக்க காரணம் இருந்தால் அது மாறலாம். பிள்ளைச் செலவு பொதுவாக 18 வயது வரை. மேற்படிப்பில் இருந்தால் அது முடியும்வரை நீளும்.

இறந்தவர் திரும்பி வந்தால்

விமான விபத்தில் போனவர் தாடியோடு திரும்புவது சீரியல் உலகில் சாதாரணம். கணவரோ மனைவியோ 7 ஆண்டுகள் தொடர்ந்து காணாமல் போய், உயிரோடு இருப்பதாக நம்பக் காரணமும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாக அனுமானித்துத் திருமணத்தைக் கலைக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். அந்த உத்தரவு பெற்று மறுமணம் செய்தவருக்கு, பழையவர் ஒருநாள் வந்து நின்றாலும் புதிய திருமணத்துக்குப் பாதகமில்லை. 7 ஆண்டு ஆகிவிட்டதே என்று உத்தரவு இல்லாமல் தானாக முடிவெடுப்பதுதான் ஆபத்து.

அடி உதையை ‘குடும்ப விஷயம்’ என்று விடலாமா?

சீரியலில் மாமியார் கொடுமைக்கு வரதட்சணை வழக்கு வரும். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமும் இந்தியாவுக்கு உரியவை. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். அடிப்பது மட்டுமின்றி, மனத்தை வதைப்பதும் அதில் அடங்கும்.

இந்தச் சட்டத்தில் முக்கியமான ஒரு நன்மை உண்டு. திருமணம் பதியப்படாவிட்டாலும், தங்கள் மத வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். ‘ரெஜிஸ்டர் பண்ணவில்லை, எந்த முகத்தோடு போலீசுக்குப் போவது’ என்று அடியைத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

உடனடி ஆபத்து என்றால் சமூக நல அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். போலீஸ் புகாருக்குப் பின், விசாரணைக் காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும், வழக்கு நடக்கும்போது பாதுகாப்பு உத்தரவும் பெறலாம். உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

‘பூர்வீகச் சொத்து’ம் ஒளித்துவைத்த உயிலும்

சீரியல் வக்கீலின் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘பூர்வீகச் சொத்து’. அது இந்தியாவின் இந்து வாரிசுச் சட்டத்தைச் சேர்ந்தது. மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-இலும் இந்தியா முழுவதும் 2005-இலும் திருத்தம் வந்தது.

தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும், முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் கணக்குச் சொல்லும். சபாவுக்குத் தனிச் சட்டம். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால், துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. கடன் போக 240,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடு என்றால், முதல் நிலையில் மனைவிக்கு 60,000, பிள்ளைகளுக்கு 120,000, பெற்றோருக்கு 60,000. இரண்டாம் நிலையில் மனைவிக்கு 80,000, பிள்ளைகளுக்கு 160,000. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. கட்டிக்கொடுத்த மகளுக்கும் சம பங்குதான்.

தன் விருப்பப்படி பிரிக்க வேண்டுமானால் உயில் எழுத வேண்டும். 18 வயது நிறைந்தவர், தெளிந்த மனதோடு, எழுத்தில், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பார்க்கக் கையெழுத்திட்டால் போதும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் எதுவும் எழுதியிருந்தால் அந்தப் பங்கு செல்லாது. மயங்கிக் கிடப்பவரின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வைக்கும் சீரியல் உயிலும் செல்லாது. பலருக்குத் தெரியாத ஒன்று: உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் பழைய உயில் பொதுவாக ரத்தாகிவிடும்.

உயிலில் மனைவியை அடியோடு ஒதுக்கிவிட்டாலும் வழி அடைபடவில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனைவி, கணவர், திருமணமாகாத மகள், வயது நிறையாத மகன், உடற்குறையுள்ள பிள்ளை ஆகியோர் பராமரிப்புக் கேட்கலாம். சொத்து நிர்வாக அனுமதி கிடைத்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் யார் பெயரை நியமித்திருக்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைப் போட்டவர், மனைவி பிள்ளைகள் வந்தபின் அதை மாற்றினாரா என்பது அவர் இறந்த பிறகுதான் பல வீடுகளில் தெரியவருகிறது.

தூக்கி வளர்த்த பிள்ளை

கோவில் வாசலில் கிடைத்த குழந்தையை எடுத்து வளர்ப்பதும், இருபது வருடம் கழித்து மச்சத்தை வைத்துப் பெற்ற தாய் கண்டுபிடிப்பதும் சீரியலில் இனிப்பான கட்டம். நம் தோட்டப்புறங்களிலும் உறவுக்காரர் பிள்ளையை வாய்ப்பேச்சில் வாங்கி வளர்த்த கதைகள் ஏராளம். அன்பில் குறை இல்லை. சிக்கல் அடையாள அட்டைக்குப் போகும்போதுதான் தொடங்குகிறது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவருக்கு இரண்டு வழிகள் உண்டு. 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு பெற்றால், அந்தப் பிள்ளை பெற்ற பிள்ளை போலவே வாரிசு ஆகும். அதே ஆண்டின் தத்துப் பதிவுச் சட்டப்படி, 2 ஆண்டுகள் வளர்த்தபின் தேசியப் பதிவு இலாகாவில் பதியலாம். இதில் வாரிசுரிமை வராது. அந்தப் பிள்ளைக்குச் சொத்துக் கொடுக்க உயில் தேவை. எதுவுமே செய்யாவிட்டால், வளர்த்தவரின் பங்கீட்டில் பிள்ளைக்கு இடமே இல்லை.

பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டால் பிள்ளையும் அவதிப்படும். தந்தையின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் தானாக ஏறாது. இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். குடியுரிமையும் தாயின் நிலையைப் பொறுத்தே அமையும். தாய் வெளிநாட்டவராக இருந்தால், தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை சிவப்பு அட்டைக்கும் நீல அட்டைக்கும் இடையில் நிற்க நேரிடும். பள்ளிச் சேர்க்கையிலேயே அந்தப் பிள்ளைக்குச் சோதனை தொடங்கிவிடும்.

எங்கே கேட்பது?

திருமணப் பதிவு, பிறப்புப் பத்திரம், தத்துப் பதிவு ஆகியவற்றுக்குத் தேசியப் பதிவு இலாகா. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு, வருமானத் தகுதிக்கு உட்பட்டு, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் விவாகரத்து, பராமரிப்பு வழக்குகளில் உதவுகின்றன. நிலமும் வீடும் அடங்கிய சிறு சொத்துகளை, உயில் இல்லாத நிலையில், நில அலுவலகம் வழியாகவே பங்கிடலாம்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், இறப்பு நேர்ந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வீட்டுப் பட்டா, போலீஸ் புகாரின் நகல்.

சீரியல்கள் குடும்பத்துக்குள் பேசக் கூச்சப்பட்ட பல விஷயங்களை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தன. மாமியார் அடியும் கணவனின் இரண்டாம் குடும்பமும் வெளியே சொல்லக்கூடியவைதான் என்று பல பெண்களுக்குக் காட்டிக்கொடுத்தன. அந்த அளவுக்கு அவற்றுக்கு நன்றி சொல்லலாம். அதற்கு மேல் சட்ட ஆலோசனைக்கு அவற்றை நம்ப முடியாது. அலமாரியில் திருமணச் சான்றிதழ் இருக்கிறதா, சேமநிதியில் யார் பெயர் இருக்கிறது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் பெயர் சரியாக உள்ளதா என்ற மூன்றையும் இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.